சாப்பிட ஒரு மணி நேரம், பக்கத்தில் 3 தம்ளர் தண்ணீர்: சோம்பல் என்று நினைத்தோம் (ஈஓஈ என்ற உணவுக்குழாய் அழற்சி, 11 வயது)

உட்லண்ட்ஸ் அம்மா | ஞாயிறு, இரவு 11:52

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மகனுக்கு 11 வயது, தொடக்கநிலை 5. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம், புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் கோழிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கையை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடவேண்டும், நேரமாகிறது, சீக்கிரம் சாப்பிடு என்று நான்தான் அவசரப்படுத்தினேன். திடீரென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் விரலை வைத்து "இங்க நிக்குதும்மா" என்றான். மூச்சு சரியாக வந்தது, பேசினான். ஆனால் சொந்த எச்சிலையே விழுங்க முடியவில்லை, டிஷ்யூவில் துப்பிக்கொண்டே இருந்தான். என் மாமியார், மீன்முள் சிக்கினால் செய்வதுபோல, சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்கச் சொன்னார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. தண்ணீர் கொடுத்தோம், அதுவும் வந்துவிட்டது. பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு 995.

அன்று மாலையே மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியே கேமராக் குழாய் விட்டு) எடுத்தார்கள். எடுத்த இறைச்சித் துண்டு என் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, இவ்வளவு சின்னதா என்று. அப்புறம் டாக்டர் படத்தைக் காட்டினார். உணவுக்குழாய் வழவழப்பாக இருக்கவேண்டுமாம். இவனுக்கு வேக்கும் கிளீனர் குழாய் மாதிரி வளையம் வளையமாக இருந்தது, நீளவாக்கில் கீறல் கீறலாகப் பள்ளம், நடுவில் ஓரிடம் ஒடுங்கி, பிள்ளைகளுக்கான மெல்லிய ஸ்கோப்கூட அங்கே இடித்துத்தான் இறங்கியதாம். மேல், நடு, கீழ் என்று 6 இடத்தில் திசு எடுத்தார்கள். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் பரப்புக்கு 15 ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் இருந்தாலே நோய் என்று கணக்காம், இவனுக்கு 60க்கு மேல். ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ், சுருக்கமாக ஈஓஈ.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி வலி பற்றி இல்லை. "சாப்பாட்டோடு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிப்பான்?"

மூன்று. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் தின்பான். பரோட்டா என்றால் ஓரத்தைப் பிய்த்துத் தங்கை தட்டில் போட்டுவிடுவான். மாத்திரை வேண்டாம், சிரப்தான் வேண்டும் என்பான். பள்ளியில் இடைவேளைக்கு ரொட்டி கொடுத்தால் பாதி திரும்பி வரும். இதெல்லாம் எங்கள் வீட்டில் அவனுடைய "பழக்கம்". அவன் அப்பா "ஆமை" என்று கூப்பிடுவார், அவனும் சிரிப்பான். 6 வயதில் அடிக்கடி வாந்தி, வயிற்றுவலி இருந்தது, ஒரு மருந்தகத்தில் கேஸ் என்று சிரப் கொடுத்தார்கள், குறைந்த மாதிரி இருந்தது, விட்டுவிட்டோம். குறையவில்லை, அவன் சாப்பிடும் விதத்தை மாற்றிக்கொண்டான் என்று இப்போது புரிகிறது.

என் கேள்வி: அந்த ஒடுக்கம் நிரந்தரமா? பலூன் வைத்து விரிப்பது பற்றி டாக்டர் "பார்க்கலாம், முதலில் மருந்து" என்றார். வளர்ச்சி பாதிக்குமா? இதே நிலையில் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கலா சிஸ்டர் | திங்கள், காலை 6:20

இரவுப் பணி முடிந்து எம்ஆர்டி ரயிலில் படித்தேன். பிள்ளைகள் வார்டில் பல வருடம் இருந்தவள், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தச் சோற்று உருண்டை. உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை, என் அம்மாவும் அதைத்தான் செய்வார். ஆனால் உணவே அடைத்துக்கொண்டு எச்சில் இறங்காத பிள்ளைக்கு மேலே எதையும் தள்ளக்கூடாது, வாழைப்பழமும் கூடாது, விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. இந்த நோயில் உணவுக்குழாயின் உள்தோல் டிஷ்யூ தாள் மாதிரி எளிதில் கிழிவதாக ஆகிவிடும், அடைப்போடு முக்கி வாந்தி எடுத்தால் அரிதாகக் கிழியும். கழுத்திலோ நெஞ்சிலோ கடும் வலி, காய்ச்சல் என்றால் அது வேறு விஷயம், ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது. எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவு, அவ்வளவுதான்.

ஒடுக்கம் எப்படி வருகிறது என்றால், ஈசினோஃபில் அணுக்களுக்கு ஆரோக்கியமான உணவுக்குழாயில் வேலையே இல்லை. ஏதோ ஒரு உணவுக்கு ஒவ்வாமை மாதிரி (ஆனால் அரிப்பு, தடிப்பு வருகிற வகை இல்லை, மெதுவான வகை) அவை வந்து குடியேறுகின்றன, வருடக்கணக்கில் புண் ஆறுவதும் திரும்பப் புண்ணாவதுமாக இருந்து கடைசியில் தழும்பு விழுகிறது. தீக்காயத் தழும்பு இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் உள்ளே, ஒரு குழாய்க்குள். சிறு குழந்தையிடம் வெறும் அழற்சியாக இருப்பது பதின்ம வயதில் ஒடுக்கமாக மாறுவது இப்படித்தான். சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அறிகுறி தொடங்கி 2 ஆண்டுக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஒடுக்கம் 17 விழுக்காட்டினருக்கு, 20 ஆண்டுக்கு மேல் தாமதமானவர்களில் 71 விழுக்காட்டினருக்கு. பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் மகன் முதல் கூட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான். பிள்ளைகளிடம் அழற்சி அடங்கினால் ஒடுக்கம் ஓரளவு தானே தளர்வதும் உண்டு, அதனால்தான் உங்கள் டாக்டர் முதலில் மருந்து என்கிறார்.

தேக்கா பெரியவர் | திங்கள், காலை 9:05

அம்மா, பயப்படாதே. எங்கள் காலத்தில் மெதுவாகச் சாப்பிடும் பிள்ளையை நல்ல பிள்ளை என்போம். மிளகு, திப்பிலி, தேன் கொடு, குழைந்த சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து கொடு, வயிறு குளிரும். இப்போது எதற்கெடுத்தாலும் குழாயை விட்டுப் பார்க்கிறார்கள், அதுவும் பச்சைப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து.

மூணு ஷிப்ட்டு | திங்கள், பிற்பகல் 2:40

ஐயா, அந்த "நல்ல பிள்ளை" நான்தான்.

எனக்கு 31 வயது. சின்ன வயதிலிருந்தே மெதுவாகச் சாப்பிடுவேன், எல்லாரும் பாராட்டினார்கள். தேசிய சேவையில்தான் (கட்டாய ராணுவச் சேவை) மாட்டிக்கொண்டேன். அடிப்படைப் பயிற்சியில் சாப்பிடக் கிடைக்கும் நேரம் கொஞ்சம், எல்லாரும் அள்ளிப் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விடுவார்கள், நான் பாதித் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். மீதியைக் கொட்டிவிட்டு ஓடுவேன், பசியோடு. எடை இறங்கியது, பயிற்சி என்றார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் கல்யாண வீட்டில் ஆட்டிறைச்சியைத் தொடமாட்டேன், சைவமா என்று கேட்பார்கள், ஆமாம் என்பேன். ஒருநாள் தனியாக இருந்தபோது மாட்டியது. நான்கு மணி நேரம் குளியலறையில் நின்றேன். கோக் குடித்தால் இறங்கும் என்று படித்துக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் திரும்பி வந்தது. (கோக் வைத்தியம் பயன்படுவதாகத் தெரியவில்லை என்று 2023இல் நெதர்லாந்தில் ஒழுங்காகவே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்திருந்தால் சட்டையாவது மிஞ்சியிருக்கும்.)

எனக்கு 3 முறை விரித்தார்கள். உட்லண்ட்ஸ் அக்கா, அதைப் பற்றிக் கேட்டீர்களே. மயக்கத்தில் செய்வதால் அப்போது தெரியாது. பிறகு இரண்டு நாள் நெஞ்சு வலிக்கும், கஞ்சிதான். கிழிந்துவிடும் என்று முன்பெல்லாம் டாக்டர்களே பயந்தார்களாம், இப்போது அந்த ஆபத்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழே என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஒரே விஷயம், விரிப்பது குழாயைத்தான், நோயை இல்லை. முதல் தடவை விரித்ததும் நன்றாக இறங்குகிறதே என்று மருந்தை நிறுத்தினேன், 14 மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன்.

பொங்கோல் அப்பா | திங்கள், இரவு 10:15

எங்களுக்குப் பெண் குழந்தை, 3 வயது. இந்த நோய் ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், பெண்ணைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்பார்கள், அதனாலேயே இவளை யாரும் முதலில் சந்தேகப்படவில்லை. இந்த வயதில் "சிக்குது" என்று சொல்லத் தெரியாது. வாயை மூடிக்கொள்வாள், கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வாள், கக்குவாள். சுகாதாரப் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு 50இல் (நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் நடுவில்) ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றரை வயதில் 25, இரண்டில் 3க்குக் கீழ். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

எங்களுக்குச் சிக்கல் ஒடுக்கம் இல்லை, பயம். 4 மாதம் அமினோ அமிலப் பால் மட்டும் கொடுத்தோம் (புரதத்தை முழுக்க உடைத்துவிட்ட மாவு, ஒவ்வாமைக்கு அதில் ஒன்றும் இருக்காது, பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அடங்கிவிடும், ஆனால் நாற்றம் தாங்காது, குடிக்கமாட்டாள், மூக்கில் குழாய் வைத்துத்தான்). பயாப்சி (திசுச் சோதனை) சுத்தமாக வந்தது. ஆனாலும் சாப்பிடவில்லை. உணவுக்குழாய் ஆறிவிட்டது, "சாப்பாடு என்றால் வலி" என்று அவள் கற்றுக்கொண்டது ஆறவில்லை. இப்போது பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் போகிறோம். போன வாரம் முழுவதும் பயிற்சி என்ன தெரியுமா, ஒரு கேரட் வில்லையைத் தொடுவது. தின்பது இல்லை, தொடுவது. வெள்ளிக்கிழமை அதை எடுத்துப் பொம்மையின் வாயில் வைத்தாள். என் மனைவி அழுதுவிட்டாள்.

அக்கா, உங்கள் மகன் பெரியவன் என்றாலும் இதைக் கவனியுங்கள். ஒருமுறை அடைத்துக்கொண்ட பிள்ளை அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசைக்கு வரவே யோசிக்கும்.

உட்லண்ட்ஸ் அம்மா | செவ்வாய், இரவு 9:30

பொங்கோல் தம்பி, சரியாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து கோழி என்றாலே எழுந்து போய்விடுகிறான்.

இன்று டாக்டரைப் பார்த்தோம். மூன்று வழி சொன்னார். ஒன்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து, ஒமெப்ரசோல் வகை, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கேட்கும். இரண்டு, விழுங்கும் ஸ்டெராய்டு. மூன்று, உணவை விலக்குவது. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகை என்று ஆறையும் விலக்கிப் பார்க்கலாம், இல்லை பாலிலிருந்து மட்டும் தொடங்கலாம், அதிகம் பேருக்குப் பால்தான் காரணம் என்றார். தோலில் ஊசி குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில் எது என்று தெரியாதா என்று கேட்டேன். இந்த நோய்க்கு அதை நம்ப முடியாதாம், விலக்கிப் பார்த்துத் திரும்பத் திசு எடுத்தால்தான் தெரியும்.

பால் என்றதும் நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவனுக்கு இறங்காது என்று 5 வருடமாக நாங்கள் தினமும் கொடுத்தது என்ன? தயிர்ச்சோறு. காலையில் மைலோ. "சரியாகச் சாப்பிடவில்லையே" என்று இரவில் இன்னொரு டம்ளர் பால். மாமியார் வழியெல்லாம் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜைத் திறந்து தயிர் டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டார், கழுவக்கூட இல்லை.

கலா சிஸ்டர் | செவ்வாய், இரவு 10:48

அவரிடம் சொல்லுங்கள், அவர் கொடுத்ததால் நோய் வரவில்லை. விழுங்க முடிந்ததைக் கொடுத்தார், அந்தச் சமயத்தில் பிள்ளையின் எடையைக் காப்பாற்றியதும் அந்தத் தயிர்ச்சோறுதான்.

பெரியவரே, குழாயை விட்டுப் பார்ப்பது பற்றிச் சொன்னீர்கள். எனக்கும் பிடிக்காது, எந்த அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் இந்த நோயில் வெளியே தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போவதே இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு உள்ளே எரிந்துகொண்டிருக்கும். சில சமயம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் குழாயில்கூட திசு எடுத்தால் அணுக்கள் நிறைந்திருக்கும். அதனால் மருந்தையோ உணவையோ மாற்றினால் 8 முதல் 12 வாரத்தில் திரும்பப் பார்க்கிறார்கள். குறைந்த தடவையில் முடிக்க டாக்டர்களும்தான் பார்க்கிறார்கள்.

ஈஷூன் ரவி | புதன், காலை 7:55

விழுங்கும் ஸ்டெராய்டா? என் மகனுக்கு ஆஸ்துமா மருந்துக்கே யோசித்தோம். வளரும் பிள்ளைக்கு ஸ்டெராய்டு கொடுத்தால் உயரம் நின்றுவிடாதா? வாழ்நாள் முழுக்க வேறு.

கலா சிஸ்டர் | புதன், காலை 11:30

ரவி, நியாயமான கேள்வி, ஆனால் "ஸ்டெராய்டு" என்ற சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். இது புட்டசோனைடு அல்லது ஃபுளூட்டிகசோன், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். ஃபுளூட்டிகசோன் என்றால் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) இல்லாமல் வாயில் அடித்து, இழுக்காமல் விழுங்கவேண்டும். புட்டசோனைடு என்றால் திரவத்தைத் தேன் மாதிரி கெட்டியான எதிலாவது கலந்து, குழாயில் ஒட்டும்படி மெதுவாக. பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள், பிள்ளை மருந்தை விழுங்கியதும் கையில் மைலோ. கழுவிக்கொண்டு போய்விடும்.

பக்கவிளைவு உண்டு. சிலருக்கு வாயிலோ உணவுக்குழாயிலோ வெள்ளையாகப் பூஞ்சை படியும், மருந்தில் போய்விடும். அரிதாக உடலின் சொந்த கார்ட்டிசோல் ஹார்மோன் குறையும், நீண்டகாலம் எடுக்கும் பிள்ளைகளின் உயரத்தையும் தேவைப்பட்டால் அந்த அளவையும் பார்ப்பார்கள். ஆனால் சிகிச்சை இல்லாமல் சரியாகச் சாப்பிடாத பிள்ளை எப்படி வளரும் என்பதையும் அதே தராசில் வையுங்கள். வாழ்நாள் முழுக்க என்பது பெரும்பாலும் உண்மைதான், நிறுத்தினால் திரும்பும். மூணு ஷிப்ட்டு தம்பி மேலே சொன்னாரே.

புது ஊசி ஒன்றும் இருக்கிறது, டுபிலுமாப். அமெரிக்காவில் 2022இல் இந்த நோய்க்கு 12 வயது முதல் அனுமதித்தார்கள், 2024இல் ஒரு வயதிலிருந்தே, எடை 15 கிலோவாவது இருந்தால். விலை அதிகம், மற்றது கேட்காதவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூணு ஷிப்ட்டு | புதன், மாலை 4:10

செலவு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எண்டோஸ்கோப்பி பகல்நேரச் சிகிச்சையில் வருவதால் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) எடுக்கலாம், பிள்ளைக்குப் பெற்றோர் கணக்கிலிருந்து எடுக்கலாம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம், நேராகப் போய்விடாதீர்கள்.

இன்னொன்று. இது புற்றுநோய் ஆகுமா என்று என் அம்மா இரண்டு வருடம் என்னிடம் கேட்காமலே பயந்துகொண்டிருந்தார். இந்த நோய் புற்றுநோயாக மாறுவதாகக் காணப்படவில்லை. உங்கள் மாமியாரும் கேட்காமல் இருக்கலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

தேக்கா பெரியவர் | புதன், இரவு 8:22

நான் சொன்ன தயிர் யோசனையை எடுத்துவிடவும். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை.

உட்லண்ட்ஸ் அம்மா | 14 வாரம் கழித்து, வெள்ளி, இரவு 10:05

கேட்டவர்களுக்காக வந்தேன். புட்டசோனைடும் பால் விலக்கும் சேர்த்துத்தான் செய்தோம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது என்று டாக்டர் எச்சரித்தார், ஆனால் ஒடுக்கம் இருப்பதால் காத்திருக்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார்.

போன செவ்வாய் திரும்பப் பார்த்தார்கள். 60க்கு மேல் இருந்த இடத்தில் இப்போது அதிகபட்சம் 4. கீறல் பள்ளம் போய்விட்டது. வளையம் இன்னும் லேசாக இருக்கிறது, ஒடுங்கிய இடத்தில் ஸ்கோப் இந்த முறை இடிக்காமல் இறங்கியது, அதனால் இப்போதைக்கு விரிக்கவில்லை. அடுத்தது மருந்தைக் குறைத்துப் பார்ப்பது. எடை இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறது.

பால் விலக்குவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருளில் பால் இருந்தால் பொட்டலத்தில் எழுதிப் போடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதனால் கடைப் பொருள் பிரச்சினை இல்லை. பிரச்சினை பொட்டலம் இல்லாதது. உணவங்காடியில் பரோட்டா மாவில் நெய்யா, டால்டாவா, சீனிப்பால் விட்டுப் பிசைந்ததா என்று கேட்டால் அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். கோயிலில் பிரசாதம் வாங்கக் கை நீட்டிவிட்டு அவனே இழுத்துக்கொண்டான். பள்ளி சிற்றுண்டிச்சாலையில் மட்டும் எளிது, மீ சியாம் ஆன்ட்டிக்கு இவன் பெயரே தெரியும்.

அப்புறம் "ஆமை" என்று யாரும் கூப்பிடுவதில்லை. அவனுக்கு அதில் வருத்தம், அந்தப் பெயர் பிடித்திருந்ததாம்.

கோழி இன்னும் தொடவில்லை. போன ஞாயிறு மீன் வறுவலில் ஒரு துண்டு எடுத்து, 20 முறை மென்று, விழுங்கிவிட்டு, தம்ளரைப் பார்த்தான், எடுக்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ரசம் ஊற்றினேன்.

பொங்கோல் அப்பா | வெள்ளி, இரவு 10:31

அக்கா, ரொம்பச் சந்தோஷம். எங்களுக்கும் ஒரு செய்தி: கேரட் உள்ளே போய்விட்டது. மூக்குக் குழாயை எடுத்து 9 நாள்.

ஒரு சந்தேகம், தீபாவளி வருகிறது, முறுக்குக்கு வெண்ணெய் இல்லாமல் என்ன செய்கிறீர்கள்?

உட்லண்ட்ஸ் அம்மா | வெள்ளி, இரவு 10:40

சூடான எண்ணெய் இரண்டு கரண்டி மாவில் ஊற்றிப் பிசையுங்கள் தம்பி, தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டால் இன்னும் கரகரப்பு. மாமியார் நேற்றே ஒரு டின் சுட்டுவிட்டார். உங்கள் மகளுக்கு வேண்டுமானால் மெல்லிசாகப் பிழிந்து தரச் சொல்கிறேன், எம்ஆர்டியில் வாங்கிக்கொள்ளலாம், தனிச்செய்தியில் நேரம் சொல்லுங்கள்.